அட்டாலியில் கிடைத்த தொப்பி எந்த ஊர் முடைச்சல்?

நொய்யல்கரை:

வணக்கமுங்க. பொங்கலூர் பக்கம் அம்மா வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள். அட்டாலியை, அதாவது பரணை, காலி செய்தபோது பித்தளை அண்டாவுக்குள் ஒரு தொப்பி கிடைத்தது. அப்பிச்சியுடையது, அம்மாவின் அப்பா. அவர் வால்பாறையில் ஒரு டீத் தோட்டத்தில் கிளார்க்காக இருந்தவர். தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன பனாமா நாட்டுத் தொப்பி என்று அம்மா சொல்கிறார். பெரிய மாமா அதெல்லாம் இல்லை, பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கியது, பாலக்காட்டுக்காரர்கள் முடைந்தது என்கிறார். சின்ன மாமா பனையோலை என்று ஒரே பிடியாக நிற்கிறார்.

விவரம் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் கலந்த வெள்ளை நிறம், நல்ல மினுமினுப்பு. எங்கேயும் தையல் இல்லை. கறுப்பு ரிப்பன், முடிச்சு இடது பக்கம். உள்ளே நெற்றி படும் இடத்தில் தோல் பட்டை. அதில் பொன் எழுத்து பாதி அழிந்து 'லண்டன்' என்பது மட்டும் படிக்க முடிகிறது. பக்கத்தில் 7⅛ என்று ஒரு எண். உச்சிக்குப் பக்கத்தில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். படங்கள் போட்டிருக்கிறேன். விற்கிற எண்ணம் இல்லை, எங்கே செய்தது என்று தெரிந்தால் போதும்.

பேட்டைக்காரன்:

லண்டன் என்று பொன் எழுத்திலேயே போட்டிருக்கிறது, அப்புறம் என்ன சந்தேகம்? லண்டன் சரக்குதான். என்ன விலைக்குப் போகும் என்று விசாரித்துச் சொல்லட்டுங்களா?

தறிச்சத்தம்:

விற்கவில்லை என்று சொன்ன பிறகும் விலையா, பேட்டை?

நாங்கள் சென்னிமலையில் தறி ஓட்டும் குடும்பம். தொப்பி பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் நெசவுக் கண்ணோடு பார்த்தால் சிலது தெரிகிறது. மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சியின் நடுவில் கொஞ்சம் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. அங்கிருந்துதான் தொடங்கியிருக்கிறார்கள். தறியில் பாவு ஒரு திசை, ஊடை ஒரு திசை, இரண்டு ஓரமும் கரை. இதில் கரையே கிடையாது. பாவாகப் போகிற இழையே கொஞ்ச தூரத்தில் ஊடையாகத் திரும்பிக்கொள்கிறது. வட்டம் அகலமாக அகலமாக இழை பற்றாமல் போகும், அதனால் புது இழை சொருகியிருக்கிறார்கள். அப்படிச் சொருகின இடமெல்லாம் சேர்ந்து வளையம் வளையமாகத் தெரிகிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

இது முழுக்கக் கைவேலை, உச்சியிலிருந்து விளிம்பு வரை ஒரே முடைச்சல். மற்ற வகை ஒன்று உண்டு, வைக்கோலை நாடாவாகப் பின்னி, அந்த நாடாவைச் சுருட்டிச் சுருட்டி எந்திரத்தில் தைப்பது. அதில் உள்பக்கம் தையல் ஓட்டம் காட்டிக்கொடுத்துவிடும். இது அந்த வகை இல்லை.

கோரைக்காட்டான்:

கரூர்க்காரன். யாராவது கோரை என்று சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், இது கோரை இல்லை. காவிரிக் கரையில் நாங்கள் பயிர் செய்யும் கோரையை அறுத்து, நீளவாக்கில் கிழித்துத்தான் காய வைப்போம். ஒரு பக்கம் வழவழப்பு, கிழித்த பக்கம் மெத்தென்று வெளுத்திருக்கும். பாய்க்கு அது சரி. இவ்வளவு சன்னமாக வராது, வந்தாலும் இந்த வளைவில் முறிந்துவிடும்.

பனங்காட்டு நரி:

சின்ன மாமாவுக்காக நானும் ஒன்று சொல்ல வேண்டும். காங்கயம் பக்கம் நாங்கள் பனையோடு வளர்ந்தவர்கள். பனங்குருத்தை ஈர்க்கு நீக்கி, ஊறவைத்து, எவ்வளவு சன்னமாகக் கிழித்தாலும் அது தட்டைதான். நீளவாக்கில் நரம்பு ஓடும், மடக்கின இடத்தில் கோடு விழும். மணப்பாட்டில் குருத்தோலையில் அருமையான பெட்டியும் தொப்பியும் முடைகிறார்கள், அதிலும் பட்டை தட்டையாகத்தான் இருக்கும். ஈச்சங்குருத்துக்கும் இதே கதைதான். படத்தில் இருப்பது உருண்டை இழை. மாமாவிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

வாளையார் தாண்டி:

பெரிய மாமா கட்சியைப் பார்ப்போம். எங்கள் பாலக்காட்டுப் பக்கம் வயலில் இறங்குகிறவர்கள் வைத்தது இரண்டு வகை. ஒன்று தொப்பிக்குடை. மூங்கில் சட்டத்தில் குடைப்பனை ஓலை வேய்ந்தது, கைப்பிடி இல்லாத குடை என்றே சொல்லலாம், மழையில் நாற்று நடும்போது முதுகு வரை மறைக்கும். இன்னொன்று பாக்குப் பாளையை மடித்துச் செய்வது. மங்களூர்ப் பக்கத்தில் அதையே முட்டாலெ என்பார்கள். அது தலையோடு ஒட்டிய குல்லாய், விளிம்பு கிடையாது. இரண்டுமே இந்தத் தொப்பிக்குக் கிட்டவே வராது. ரிப்பனும் தோல் பட்டையும் வைத்த பாலக்காட்டு முடைச்சலை நான் பார்த்ததில்லை. ஆனால் பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கினார் என்பதை மறுக்க நான் யார்? மலையில் இருந்த துரைமார் சாமான்கள் கைமாறி அங்கே வந்திருக்கலாமே.

பையும் தொப்பியும்:

திருப்பூரில் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்த்தவன். பனியன் ஊரில் பை, தொப்பி ஆர்டர் பார்த்த சிலரில் நானும் ஒருவன். நல்ல படங்கள் போட்டிருக்கிறீர்கள், நன்றி அம்மிணி.

முதலில் 'லண்டன்' விஷயத்தை முடித்துவிடுவோம். இந்த மாதிரித் தொப்பியில் எழுத்து இருக்கும் இடம் முடைந்தவருக்கு உரிய இடம் இல்லை. நார் ஓர் ஊரில் விளையும், இன்னோர் ஊரில் முடைவார்கள். முடைந்து முடித்தது ரிப்பனும் வடிவமும் இல்லாமல், விளிம்பு தொங்கிக்கொண்டு இருக்கும். அதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கப்பலேற்றுவார்கள். லண்டனிலோ நியூயார்க்கிலோ நீராவி காட்டி, மர அச்சில் இழுத்து மாட்டி, காய்ந்ததும் ரிப்பன் கட்டி, தோல் தைப்பார்கள். அந்தத் தோலில் அச்சாவது வடிவம் கொடுத்தவர் பெயர் அல்லது விற்ற கடையின் பெயர். மாதக்கணக்கில் உட்கார்ந்து முடைந்தவர் பெயர் எங்கேயும் வராது. நம் ஊர் பனியனில் எந்த நாட்டுக் கடைப் பெயரெல்லாம் இருக்கிறது என்று திருப்பூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம், அந்த 7⅛. தையற்கார டேப்பை உள்ளே தோல் பட்டை ஓரமாகச் சுற்றி அளந்து பாருங்கள். 58 செ.மீ. பக்கம் வந்தால் அது பிரிட்டன் அளவு. அதே தலைக்கு அமெரிக்காவில் 7¼ என்று போடுவார்கள். ரிப்பன் முடிச்சு இடது பக்கம் இருப்பது ஆண்கள் தொப்பியின் வழக்கம்.

முடைச்சல் விஷயத்துக்கு எனக்கு ஒன்று தோன்றுகிறது, ஆனால் இழையைச் சோதிக்காமல் சொல்ல விருப்பமில்லை. கிழிசல் ஓரத்தில் ஏற்கெனவே முறிந்து தொங்கும் துண்டு இருக்கிறதா?

குன்னூர்க் குளிர்:

இவ்வளவு சுற்றுவது எதற்கு? துரை கொடுத்தது, ஒரே முடைச்சல், உச்சியில் வளையம், மினுமினுப்பு. சாட்சாத் பனாமா. அம்மா சொன்னதுதான் சரி. நல்ல பனாமாவைச் சுருட்டி மோதிரத்துக்குள் நுழைக்கலாம் என்பார்கள். ஒருமுறை மெதுவாகச் சுருட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பையும் தொப்பியும்:

தயவுசெய்து சுருட்டிவிடாதீர்கள்! புதிதாக, ஈரப்பதத்தோடு இருக்கும் தொப்பிக்குச் சொன்ன வித்தை அது. நம் ஊர் வேசகால வெயிலை எத்தனையோ பார்த்துவிட்ட தொப்பியைச் சுருட்டினால் உச்சி முதல் விளிம்பு வரை படபடவென்று முறியும். உச்சியைக் கிள்ளிப் பிடித்துத் தூக்குவதும் கூடாது. அந்தக் கிழிசல் வந்ததே அப்படித்தான் இருக்கும், எல்லாத் தொப்பியிலும் முதலில் போகிற இடம் அது.

பனாமாவைப் பற்றி அண்ணாவுக்கு ஒரு வார்த்தை. அது பனாமாவில் செய்வதே இல்லை, ஈக்வடாரில் செய்வது. கடற்கரைப் பக்கம் மொந்தெக்ரிஸ்தி, மலைப்பக்கம் குவெங்கா, இரண்டும் பேர்போன ஊர்கள். 1849இல் கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனவர்கள் பனாமா வழியாகப் போனார்கள், போகிற வழியில் அங்கே வாங்கினார்கள். அப்புறம் கால்வாய் வெட்டியபோது வேலைக்காரர்கள் தலையில் அது இருந்தது. 1906இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அங்கே அதைப் போட்டுக்கொண்டு நின்ற படம் பத்திரிகையில் வந்தது. விற்ற இடத்தின் பெயரே நிலைத்துவிட்டது. 2012இல் யுனெஸ்கோ அந்த முடைச்சலைப் பாரம்பரியக் கலைப் பட்டியலில் சேர்த்தது, ஈக்வடார் பெயரில்.

அதற்கான இழை தொக்கீயா என்ற செடியுடையது. பார்க்கச் சிறு பனை மாதிரி விசிறி ஓலை விடும், ஆனால் பனை இனமே இல்லை. ஓலை விரிவதற்கு முன்பே குருத்தை வெட்டி, சன்னமாகக் கிழித்து, வெந்நீரில் வேகவைத்து, காயப்போட்டு, கந்தகப் புகை காட்டி வெளுப்பார்கள். ஆக அதுவும் கிழித்த ஓலைதான். நரி அண்ணா சொன்ன மாதிரி தட்டையாக இருக்க வேண்டும். இவர்கள் படத்தில் இழை உருண்டை.

குன்னூர்க் குளிர்:

அங்கேதான் தம்பி இடிக்கிறது. பனாமா, ஈக்வடார் கதை எனக்கும் தெரியும், பேச்சு வழக்கில் சொன்னேன். ஆனால் தொக்கீயா ஓலையை வேகவைத்துக் காயப்போட்டால் இரண்டு ஓரமும் உள்பக்கம் சுருண்டுகொள்ளும். காய்ந்த இழை பார்வைக்கு உருண்டையாகத்தான் இருக்கும். என்னிடம் ஒன்று இருந்தது, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறேன். படத்தில் உருண்டை தெரிகிறது என்பதை மட்டும் வைத்து நீங்கள் பனாமாவைத் தள்ள முடியாது.

பையும் தொப்பியும்:

நியாயமான கேள்வி. அதற்குத்தான் முறிந்த துண்டு கேட்டேன். அம்மிணி, இப்படிச் செய்யுங்கள். முறிந்து தொங்குவதில் மட்டும் இரண்டு துண்டு எடுங்கள், புதிதாக எதையும் பிய்க்க வேண்டாம்.

ஒன்றை வெதுவெதுப்பான தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டுவையுங்கள். சுருண்ட ஓலை என்றால் ஊறியதும் ஓரம் பிரிந்து தட்டையாக விரிந்து கொடுக்கும். குன்னூர் அண்ணா ஜெயித்துவிடுவார். காகித இழை என்றால், அதுவும் நிறைய உண்டு, ஜப்பானில் தோயோ என்று காகிதத்தை முறுக்கி மினுக்கு ஏற்றித் தொப்பிக்கென்றே செய்தார்கள், அது முறுக்கு அவிழ்ந்து கூழாகும். மூன்றாவதாக, எதுவும் ஆகாமல் உருண்டையாகவே கிடந்தால், அது ஓலை இல்லை, காம்புக்குள்ளிருந்து உருவிய நார்.

இன்னொரு துண்டை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள், தொப்பியை வேறு அறையில் வைத்துவிட்டு! பிளாஸ்டிக் உருகி மணியாகும். செடிப்பொருள் சாம்பலாகும்.

அப்புறம் விளிம்பில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு நெருக்கப் படம் வேண்டும். இழை ஒன்று விட்டு ஒன்று போகிறதா, இரண்டு இரண்டாகத் தாண்டுகிறதா என்று பார்க்க.

பேட்டைக்காரன்:

தோட்டத்துத் துரை என்றால் சோலா தொப்பிதானே போடுவார்?

தறிச்சத்தம்:

அது நெட்டியில் செய்வது. நெட்டியைச் சீவி அச்சில் ஒட்டி மேலே துணி போர்த்துவார்கள். முடைச்சலே கிடையாது. துரை ஒரே தொப்பியைத்தான் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமா? காட்டுக்கு ஒன்று, கிளப்புக்கு ஒன்று வைத்திருப்பார்.

நொய்யல்கரை:

எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேனுங்க. வீடே கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

உள்சுற்று 58 செ.மீ.க்கு நூலளவு குறைவு. தோல் சுருங்கியிருக்கலாம்.

தண்ணீரில் போட்டது காலையில் அப்படியே உருண்டையாக இருந்தது. விரியவில்லை, கூழாகவில்லை. காய்ந்திருந்தபோது மடக்கினால் ஒடிந்தது, ஊறிய பிறகு விரலில் சுற்ற முடிகிறது. நகத்தால் சுரண்டினாலும் ஏடாக உரிந்து வரவில்லை. மினுமினுப்பும் போகவில்லை.

தீயில் காட்டியது உருகவில்லை. சருகு எரிகிற வாசம், தொட்டால் பொடியாகிற சாம்பல்.

வெளிச்சத்தில் வளையங்கள் தெளிவாகத் தெரிகின்றன, உச்சியில் நெருக்கமாகவும் கீழே வர வர விலகியும். விளிம்புப் படம் போட்டிருக்கிறேன். ஒன்று மேலே, ஒன்று கீழே, அவ்வளவுதான். இரண்டு இரண்டாக எங்கேயும் இல்லை.

பையும் தொப்பியும்:

நான் நினைத்தது சரியாக வருகிறது. இது புந்தல். பிலிப்பைன்ஸ் நாட்டு நார்.

பூரிப் பனை என்று அங்கே ஒரு மரம். நம் பக்கம் தாளிப்பனை என்கிறோமே, வாளையார் அண்ணா சொன்ன குடைப்பனை, அதற்கு நெருங்கிய சொந்தம். இரண்டுமே ஆயுளில் ஒரே ஒரு தடவை உச்சியில் பூத்து, காய்த்து, அதோடு பட்டுப்போகிற ஜாதி. பூரிப் பனையில் குருத்தோலையிலிருந்து ஒரு மெல்லிய நார் எடுப்பார்கள், முதிர்ந்த ஓலையைப் பட்டையாகக் கிழித்து மலிவான தொப்பியும் பாயும் முடைவார்கள். இந்த இரண்டும் ஓலைச் சரக்கு. ஓலைக்காம்பைப் பிளந்து உள்ளிருந்து உருவும் நீள நார்தான் புந்தல். காம்புக்குள் ஓடும் நரம்பு அது. அதனால்தான் ஓரமும் இல்லை, விரிவதும் இல்லை, இயற்கையிலேயே பளபளப்பு. தொக்கீயாவிலிருந்து பிரித்துச் சொல்ல இதைவிட நம்பகமான அடையாளம் எனக்குத் தெரியாது.

முடைச்சலும் ஒத்துப்போகிறது. குவெங்காத் தொப்பிகளில் நிறைய மீன்முள் சாயலில் இரண்டு இரண்டாகத் தாண்டும். ஒன்றுக்கு ஒன்று போகிற வகையும் அங்கே உண்டு, அதனால் முடைச்சலை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நார்தான் முக்கியம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லுக்பான் என்ற ஊரிலும், பிறகு புலாக்கான் மாகாணத்தில் பலிவாக் என்ற ஊரிலும் இந்தப் புந்தல் தொப்பி பெரிய தொழிலாக இருந்தது. பலிவாக் முடைச்சலுக்குத் தனி மதிப்பு. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏராளமாகப் போனது. அங்கிருந்து லண்டன் போய், அச்சேறி, பொன் எழுத்து வாங்கி, கப்பலில் நம் பக்கம் வந்து, ஆனைமலை ஏறி, கடைசியில் பொங்கலூர் அண்டாவுக்குள் இறங்கியிருக்கிறது.

கோரைக்காட்டான்:

அப்போ பலிவாக் என்று எழுதி வைத்துவிடலாமா?

பையும் தொப்பியும்:

ஊர் வரை போக மாட்டேன். பிலிப்பைன்ஸ் புந்தல், கையால் முடைந்தது, பிரிட்டன் அளவில் முடித்தது. இது வரைக்கும் கையெழுத்துப் போட்டுத் தருவேன். நுணுக்கத்தைப் பார்த்தால் பலிவாக் தரம் என்று மனம் சொல்கிறது, ஆனால் மனம் சொல்வதைச் சீட்டில் எழுதக்கூடாது. காலமும் அப்படித்தான். தோல் பட்டையையும் ரிப்பனையும் வைத்து நேரில் பார்க்கிறவர் ஏதாவது சொல்லலாம்.

குன்னூர்க் குளிர்:

ஊறவைத்தும் விரியவில்லை என்றால் தொக்கீயா இல்லை, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ஒன்று. துரை காலத்தில் கடைக்காரரே இந்த மாதிரி வெள்ளைத் தொப்பியை எல்லாம் பனாமா என்று சொல்லித்தான் விற்றிருப்பார். துரை அப்பிச்சியிடம் சொன்னதும் அதுவாகத்தான் இருக்கும். அம்மா காதில் விழுந்ததைத்தான் சொல்லியிருக்கிறார். பெரிய மாமாவுக்குத்தான் இதில் ஒன்றும் தேறவில்லை.

வாளையார் தாண்டி:

சந்தையை இன்னும் யாரும் பொய் என்று நிரூபிக்கவில்லை!

நொய்யல்கரை:

வாசித்துக் காட்டினேன். பெரிய மாமாவுக்கு ஒரே குஷி, 'பாலக்காடு போனால் போகட்டும், பொள்ளாச்சி நிற்குது பார்' என்கிறார். அம்மாவுக்குப் பிலிப்பைன்ஸ் பிடிக்கவில்லை, பனாமா என்றே சொல்லிக்கொண்டிருக்கப் போகிறாராம். அது அவர் இஷ்டம்.

அந்தக் கிழிசலை என்ன செய்வது? மாமா பையன் பசை தடவி ஒட்டிவிடலாம் என்று டியூப்போடு நிற்கிறான். எங்கே வைப்பது என்றும் சொல்லுங்கள்.

தறிச்சத்தம்:

டியூப்பைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். பசை காய்ந்து இறுகினால் அதன் ஓரத்தில் அடுத்த முறிவு விழும், பிறகு யாராலும் பிரிக்க முடியாது. மெல்லிய பருத்தி வலைத்துணியை, இதே நிறத்தில், உள்பக்கமாகக் கொடுத்து, இழைகளுக்கு நடுவில் ஊசி நுழைகிற சந்தில் மட்டும் தளர்வாக நாலு தையல் போடுங்கள். கிழிசலை இழுத்து மூட வேண்டாம். மேலும் பிரியாமல் தாங்கினால் போதும். தைக்கும் முன் ஈரத்துணியை ஒரு கிண்ணத்தில் போட்டு, தொப்பிக்குப் பக்கத்தில் வைத்து இரண்டையும் ஒட்டுக்கா மூடிவைத்தால் நார் கொஞ்சம் இளகும். தண்ணீர் நேரே படக்கூடாது. பூஞ்சை பிடிக்கும், அதனால் விட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள்.

பையும் தொப்பியும்:

அண்ணா சொன்னதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. விளிம்பு தரையில் படும்படி வைக்காதீர்கள், நாளடைவில் தட்டையாகிவிடும். உச்சிக்குள் வெள்ளைத் துணியை உருட்டி வைத்து, விளிம்பு அந்தரத்தில் நிற்கும்படி உயரமான டப்பா மேல் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம். மொட்டைமாடி வெயில் வேண்டவே வேண்டாம். நியூஸ் பேப்பர் திணித்தால் இராமபாணப் பூச்சி வரும், மையும் ஒட்டும். தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் போதும். தோல் பட்டைக்கு எண்ணெய் தடவ யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். எண்ணெய் நாரில் ஏறினால் கறை போகாது. அண்டாவுக்குள் கிடந்தது ஒரு வகையில் நல்லதாயிற்று, எலியும் வெளிச்சமும் அண்டவில்லை.

ஒரு சீட்டில் கிடைத்த இடம், அப்பிச்சி வேலை பார்த்த தோட்டம், அம்மா சொன்னது, மாமா சொன்னது, இந்தச் சோதனைகள் எல்லாவற்றையும் எழுதிக் கூடவே வையுங்கள். முறிந்த துண்டையும் ஒரு உறையில் போட்டுவிடுங்கள்.

பேட்டைக்காரன்:

எல்லோரும் சொன்ன பிறகு எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஊட்டியில் வாங்கிய தொப்பி ஒன்று என்னிடம் இருக்கிறது. அசல் பனாமா, கையால் முடைந்தது என்று சத்தியம் பண்ணித்தான் கொடுத்தார்கள். படம் போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்களேன்.

தறிச்சத்தம்:

உள்பக்கம் உச்சியிலிருந்து சுற்றிச் சுற்றி ஒரு தையல் ஓடுகிறதே, தெரிகிறதா?

பேட்டைக்காரன்:

தெரிகிறது. விளிம்பு வரை ஓடுகிறது.

பையும் தொப்பியும்:

நாடாவை எந்திரத்தில் தைத்தது. எங்கேயாவது பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் ஒரு நுனியை வெட்டித் தண்ணீரில் போடுங்கள். முறுக்கு அவிழ்ந்தால் காகிதம். மழையில் மட்டும் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.